காரைக் கப்பலில் ஏற்றும் முன்: மலையகத்தில் குடியேற வருவோருக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் ஓட்டும் காரை மலையகத்துக்குக் கொண்டுவரலாமா என்று யோசிப்பவர்களில் பெரும்பாலானோர் அதை அங்கேயே விற்றுவிட்டு வருவது நல்லது. முதலில் சட்டம் பலருடைய காரைத் தடுத்துவிடும். சட்டம் விட்டாலும் வரி கனக்கும். வரியையும் கட்டி இறக்கிய பிறகு, கொழும்பில் சொகுசாக ஓடிய வண்டி தோட்டத்து ரோட்டில் அடிவயிறு உரசி நிற்கும். சட்டம், வரி, ரோடு என்ற இந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போனால், பலருக்கு முதல் படியிலேயே விடை தெரிந்துவிடும்.

ஸ்டியரிங்கும் வயதும்

இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்க ஸ்டியரிங் உள்ள காரைச் சொந்தப் பாவனைக்கு இறக்க முடியாது. ஆகவே கனடா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, நோர்வே, துபாய், கட்டார், சவூதி ஆகிய நாடுகளிலிருந்து வருவோர் காரைப் பற்றி மேலே யோசிக்கத் தேவையில்லை. வரி பற்றிய பகுதியைத் தாண்டி, மலைக்கு எந்த வண்டி ஏற்றது, இங்கே எப்படி வாங்குவது என்ற பகுதிகளுக்குப் போகலாம். ஸ்டியரிங்கைப் பக்கம் மாற்றித் தருவதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். டேஷ்போர்ட், பிரேக் பூஸ்டர், வைப்பர், எயார்பேக், வயரிங் எல்லாமே இடம் மாற வேண்டிய வேலை அது. அப்படி மாற்றிய வண்டியை மலைச் சரிவில் நம்பி இறக்கக் கூடாது.

பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் கார்கள் இந்தச் சோதனையில் தேறும். அடுத்தது வயது. 2020 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டால் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் திறக்கப்பட்டது. அப்போது வந்த விதிகளின்படி, பாவித்த கார் தயாரிக்கப்பட்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஒருவர் 12 மாதத்தில் ஒரு வாகனம்தான் இறக்கலாம். இறக்கிய வண்டியை 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்; தவறினால் ஒவ்வொரு மாதத்துக்கும், வண்டி துறைமுகம் வந்து சேரும் பெறுமதியில் (வண்டி விலை, கப்பல் கூலி, காப்புறுதி சேர்ந்த தொகை) 3 சதவீதம் தண்டம்.

வயதைக் கணக்கிடுவதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கணக்கில் வருவது வண்டி தயாரிக்கப்பட்ட நாள். முதன்முதலாகப் பதிவான நாளை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. தொழிற்சாலையை விட்டு வந்து ஷோரூமில் எட்டு மாதம் நின்ற கார், பதிவுப் பத்திரத்தில் இரண்டரை வருடமாகத் தெரியும். உண்மையில் மூன்று வருடம் கடந்திருக்கும். சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் லேபலில் மாதமும் வருடமும் இருக்கும். அது சுங்கத்துக்குச் சான்று ஆகாது, உங்களுக்கு ஒரு அறிகுறி; செசி நம்பரைக் கொடுத்துத் தயாரிப்பாளரிடமிருந்து எழுத்தில் திகதி எடுங்கள். கப்பலுக்குக் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். எல்லைக்கு மூன்று, நான்கு மாதம் மிச்சம் இல்லாத வண்டியை ஏற்றுவது ஆபத்து.

இந்த விதிகள் வர்த்தமானியில் வருபவை. ஒரு இரவில் மாறக்கூடியவை. பணம் கட்டும் முன் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்துக்கு வண்டியின் விபரத்தை எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வெளிநாட்டில் வேலை செய்து பணம் அனுப்பியவர்களுக்கு 2022இல் மின்வாகன அனுமதி கொடுத்தார்கள் என்பது உண்மைதான். அந்தத் திட்டத்தை நினைத்து இன்றைய முடிவை எடுக்க வேண்டாம். நாடு திரும்புவோரின் வீட்டுச் சாமான்களுக்குக் கிடைக்கும் வரிச் சலுகையும் காருக்குப் பொருந்தாது.

தமிழ்நாட்டிலிருந்து வருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் பயணிகளுக்கானது. அதில் கார் ஏறாது. சில மாதம் மட்டும் தங்குபவர்களுக்குக் கார்னே என்ற தற்காலிக அனுமதி முறை இருக்கிறது. அதில் வந்த வண்டியைத் திரும்பக் கொண்டுபோயே ஆக வேண்டும், இங்கே விற்க முடியாது. குடியேற வருபவருக்கு அது உதவாது.

வரி எப்படி ஏறுகிறது

வண்டி விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த தொகையிலிருந்து கணக்கு தொடங்கும். நீங்கள் வாங்கிய விலையைச் சுங்கம் அப்படியே ஏற்காது. அந்த மாதிரிக்குப் புதிதில் என்ன விலை, எத்தனை வயது என்று பார்த்துத் தன் பெறுமதியை வைக்கும். மலிவாகக் கிடைத்த வண்டிக்கு மலிவான வரி என்று எண்ண வேண்டாம்.

அதன்மேல் சுங்க வரி. பிறகு உற்பத்தித் தீர்வை, இதுதான் பெரியது. பெற்றோல், டீசல், ஹைபிரிட் வண்டிகளுக்கு இஞ்சின் சி.சி.யை வைத்தும், மின்வாகனத்துக்கு மோட்டாரின் கிலோவாட்டை வைத்தும் இது விதிக்கப்படுகிறது. 1000, 1300, 1500, 1600 என்று சி.சி. படிகள் உண்டு, படி தாண்டினால் ஒவ்வொரு சி.சி.க்கும் உள்ள விலையே கூடிவிடும். பிரித்தானியாவில் சாதாரணமாகக் கருதப்படும் 2000 சி.சி. டீசல் கார் இங்கே வரியால் அரண்மனை விலைக்குப் போவது இதனால்தான். 2025இல் மீண்டும் தொடங்கியபோது, பெற்றோல், டீசல் கார்களில் 50 இலட்சம், ஹைபிரிட்டில் 55 இலட்சம், மின்காரில் 60 இலட்சம் ரூபாவைத் தாண்டும் பெறுமதிக்கு ஆடம்பர வரியும் இருந்தது.

கடைசியில் 18 சதவீத வற் வரி. அது வண்டி விலைக்கு மட்டும் என்று நினைத்துத்தான் பலர் கணக்கில் பிழை விடுகிறார்கள். ஒரு உதாரணம் பாருங்கள். வண்டி துறைமுகம் வந்து சேரும் பெறுமதி 40 இலட்சம். சுங்க வரியும் தீர்வையும் சேர்ந்து இன்னொரு 40 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். வற் கணக்கிடும்போது முதல் 40க்கு 10 சதவீதம் கூட்டி 44 ஆக்குவார்கள்; அதனுடன் 40 சேர்ந்து 84 இலட்சம். அதில் 18 சதவீதம் 15 இலட்சத்து 12 ஆயிரம். மொத்தம் 95 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. துறைமுகக் கட்டணம், சுங்கத்திலிருந்து வண்டியை எடுத்துத் தரும் வார்ஃப் கிளார்க்கின் கூலி, பதிவு, நம்பர் பிளேட், காப்புறுதி, மலைக்குக் கொண்டுவரும் செலவு எல்லாம் இதற்கு மேல்.

இப்போது இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்று, மேலே சொன்ன முழுச் செலவு. மற்றது, அதே மாதிரி, அதே வருட வண்டி இங்கே பதிவாகி என்ன விலைக்குப் போகிறது என்பது. விற்பனை விளம்பரங்களில் பத்துப் பதினைந்து வண்டியைப் பார்த்தால் இரண்டாவது எண் தெரிந்துவிடும். இறக்கும் செலவு உள்ளூர் விலையைவிடக் குறைந்தது 15 சதவீதமாவது கீழே இல்லாவிட்டால் இறக்காதீர்கள். நாணயமாற்று வீதம் ஒரு வாரம் ஆடினாலும், துறைமுகத்தில் பத்து நாள் கூட நின்றாலும் அந்த இடைவெளி கரைந்துவிடும்.

மலை என்ன கேட்கும்

விலை ஒத்துவந்தாலும் முடிவு இன்னும் வரவில்லை. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் ஏ7, கம்பளை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5, பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை போகும் ஏ16 ஆகியவை நல்ல கார்ப்பெட் ரோடுகள்; எந்தக் காரும் ஏறும். பிரதான வீதியை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பிய பிறகுதான் வண்டி சோதிக்கப்படும். உடைந்த கொங்கிரீட் பட்டைகள், நடுவில் மேடு தட்டிய மண், ஒரு பக்கம் கான், மறுபக்கம் தேயிலைச் சரிவு, எதிரே கொழுந்து லொறி வந்தால் பின்னுக்கே எடுக்க வேண்டிய அகலம். அதனால் பொகவந்தலாவையிலோ அக்கரப்பத்தனையிலோ பசறையிலோ குடியேறப் போகிறவர், வண்டியைத் தேர்வதற்கு முன் வீட்டிலிருந்து பிரதான வீதிவரை உள்ள ரோட்டை உறவுக்காரர் ஒருவரைக் கொண்டு வீடியோ எடுத்துப் பார்ப்பது நல்லது. மழை பெய்து முடிந்த அடுத்த நாள் எடுத்த வீடியோவாக இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் தரை இடைவெளி. தோட்ட ரோட்டில் தினமும் போய்வர 160 மில்லிமீற்றருக்குக் குறைந்த கார் சரிவராது. நால்வர் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் இருக்கும்போது இன்னும் இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் இறங்கிவிடும். ஜப்பானிய ஹைபிரிட் செடான்கள் பல இதில்தான் தோற்கின்றன. முன் பம்பரின் கீழ் உதடு முதலில் உடையும், பிறகு இஞ்சினுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் மறைப்பு. அதைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டுபவர்கள் பிறகு பெல்ட்டுக்குள் சேறு போய்க் கஷ்டப்படுகிறார்கள்.

அடுத்தது வலு. டர்போ இல்லாத இஞ்சின், கடல்மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் ஏறக்குறைய 10 சதவீத வலுவை இழக்கும். நுவரெலியா டவுன் 1868 மீற்றரில் இருக்கிறது. அங்கே உங்கள் 1000 சி.சி. கார் 800 சி.சி. காரைப்போல ஏறும். இருவர் போக அது போதும். குடும்பமாக ஐந்து பேர் ஏறி ராகலைப் பக்கம் போவதானால் 1300 சி.சி.க்குக் கீழே இறங்க வேண்டாம், அல்லது சிறிய டர்போ இஞ்சின் எடுங்கள்.

கியர்ப்பெட்டி விஷயத்தில் மலையகம் மிகவும் கண்டிப்பானது. இரட்டைக் கிளச் ஓட்டோ கியர், ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளச்சைப் பாதி பிடித்தபடியே இருக்கும்; சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியும். கடுகண்ணாவை ஏற்றத்து நெரிசலில் இப்படி ஓரங்கட்டி நிற்கும் கார்களைக் காணலாம். படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஓட்டோ கியரான சி.வி.டி. தாங்கும், ஆனால் அதன் எண்ணெயை நேரத்துக்கு மாற்ற வேண்டும். சமவெளியில் 80,000 கிலோமீற்றர் ஓடும் எண்ணெயை இங்கே 40,000இல் மாற்றிவிடுங்கள். அந்தக் கியருக்கென்று சொல்லப்பட்ட எண்ணெயே வேண்டும், "எல்லாத்துக்கும் சரிவரும்" என்று கடைக்காரர் தருவதை ஊற்ற வேண்டாம். மனுவல் கியர் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மனுவல்தான் இன்னமும் மலைக்கு ஏற்றது. பழுதானால் தலவாக்கலையிலேயே மெக்கானிக் பாஸ் ஒருவர் இறக்கிப் பார்த்துவிடுவார்.

ஹைபிரிட் வாங்குவோர் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நீண்ட ஏற்றத்தில் அதன் சிறிய பெட்டரி சீக்கிரம் தீர்ந்து இஞ்சின் தனியாக இழுக்கும். ஆகவே விளம்பரத்தில் சொல்லும் எரிபொருள் சிக்கனம் மலையில் அப்படியே கிடைக்காது. இறக்கத்தில் பெட்டரி நிரம்பிவிட்டால் மின்சாரம் சேர இடம் இருக்காது, மோட்டார் வண்டியைப் பிடிப்பதும் குறைந்துவிடும். அதற்காகத்தான் கியர் லீவரில் 'B' என்ற நிலை இருக்கிறது (நிறுத்தி வைக்கும் 'P' வேறு); இறம்பொடை இறக்கத்தில் அதைப் போட்டு இறங்க வேண்டும். பின் சீட்டுக்குப் பக்கத்தில் பெட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளையை மூட்டை முடிச்சால் மூடிவிடுவதும் பெட்டரி சாவதற்கு ஒரு காரணம்.

மின்காருக்குக் கணக்கு எளிது. ஆட்களோடு 1900 கிலோ எடையுள்ள காரைக் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு உயர்த்துவதற்கு மட்டும் சுமார் 7 யூனிட் மின்சாரம் வேண்டும். தூரத்தை ஓட இன்னும் 11 யூனிட் அளவு. 24 யூனிட் பெட்டரியோடு வந்த பழைய மின்கார், தேய்ந்து 15 யூனிட் ஆகியிருந்தால், டவுனைப் பார்க்காமலே நின்றுவிடும். 40 யூனிட்டுக்கு மேல் உள்ள கார் தாராளமாகப் போய்ச் சேரும். வீட்டில் உங்கள் பெயரில் தனி மீற்றரும் நல்ல எர்த் வயரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கத்து வீட்டோடு பகிர்ந்த லயத்து இணைப்பில் கார் சார்ஜ் செய்யக் கூடாது, வயர் உருகும்.

எல்லாவற்றிலும் முக்கியம் பிரேக். எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் அதன் எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. புதிய டொட் 4 எண்ணெய் 230 பாகையில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பழையது 155 பாகையிலேயே கொதித்துவிடும். மலையகம் வருடத்தின் பாதி ஈரம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றுவது சில ஆயிரம் ரூபா வேலை. அதைத் தள்ளிப்போடாதீர்கள், உங்கள் பிள்ளைகள் அந்த வண்டியில்தான் பாடசாலை போகப் போகிறார்கள்.

பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்பதையும் இப்போதே பாருங்கள். சுசுகி ஓல்ட்டோ, வெகன்ஆர், டொயோட்டா விட்ஸ், அக்வா, எக்சியோ போன்றவற்றுக்குக் கண்டியில் கிடைக்காதது கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். காலையில் போன் பண்ணினால் பஸ்ஸிலேயே ஹட்டனுக்குப் போட்டுவிடுவார்கள். பிரித்தானியாவிலிருந்து வரும் ஐரோப்பியக் காருக்கு ஒரு சென்சர் போனாலே வாரக்கணக்கில் காத்திருப்பு. கொம்பியூட்டர் போட்டுப் பார்க்கக் காரைக் கொழும்புக்கு ஏற்றி அனுப்பவும் வேண்டிவரலாம். குளிர்நாட்டு ரோட்டில் போட்ட உப்பு அடித்தட்டைத் தின்றிருந்தால் இங்கத்தைய ஈரம் மிச்சத்தைத் தின்னும். அதனால் ஏற்றும் முன் வண்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள்.

இங்கே வாங்குவதானால்

வந்த உடனே வாங்காதீர்கள். முதல் மூன்று மாதம் ஓட்டோ, பஸ், தேவைப்படும் நாளில் வாடகை வேன் என்று சமாளியுங்கள். எத்தனை நாள் கார் உண்மையில் வேண்டியிருந்தது, எத்தனை பேர், என்ன சாமான் என்று எழுதி வையுங்கள். காய்கறி, உரம் ஏற்றும் வேலை கூட என்றால் உங்களுக்குத் தேவை கார் இல்லாமல் டிமோ பட்டா என்ற சின்ன லொறியாகவும் இருக்கலாம். வாடகைக்கு எடுக்கும்போது நீங்கள் வாங்க நினைக்கும் அதே மாதிரியை எடுத்து, குடும்பத்தோடு வீட்டு வாசல்வரை ஏற்றிப் பாருங்கள்.

பாவித்த வண்டி பார்க்கும்போது முதலில் பதிவுப் புத்தகம். அதில் 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் வரும்வரை முழுப்பணம் கொடுக்க வேண்டாம். 'ஓபன் பேப்பர்' என்று திகதி போடாமல் கையெழுத்து வைத்த மாற்றப் படிவத்தோடு வரும் வண்டியை வாங்கவே வாங்காதீர்கள். புத்தகத்தில் பெயர் உள்ளவர் யாரென்று விற்பவருக்கே தெரிந்திருக்காது. தண்டமும் வழக்கும் உங்கள் வாசலுக்கு வரும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் செசி நம்பர், இஞ்சின் நம்பர் இரண்டும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வண்டியை இஞ்சின் ஆறியிருக்கும் காலையில் பாருங்கள். ரேடியேட்டரில் நிறமுள்ள கூலன்ட் இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் இருந்தால் உள்ளே துரு. சூடேறுவதற்குப் பயந்து தெர்மோஸ்டட்டைக் கழற்றிவிடும் பழக்கம் இங்கே உண்டு. நுவரெலியாக் குளிரில் அப்படிப்பட்ட இஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, பெற்றோலைக் குடிக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பட்டை எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடம் கடந்த டயரை மழை மலையில் நம்ப வேண்டாம். 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தாலும் மாற்றுங்கள். பிறகு ஒரு நீண்ட இறக்கம் ஓட்டி, கீழே நிறுத்தி இறங்கி மோந்து பாருங்கள். கருகிய வாசனையும் ஸ்டியரிங் நடுக்கமும் இருந்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது.

காப்புறுதியில் மூன்றாம் தரப்பு மட்டும் எடுத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. வெள்ளமும் மண்சரிவும் சேர்ந்த இயற்கை அனர்த்தப் பாதுகாப்பு உங்கள் பத்திரத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். வருட வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். பிரதேச செயலகத்தில் எடுக்கலாம்.

இறக்கத்தான் போகிறீர்கள் என்றால்

வலப்பக்க ஸ்டியரிங், மூன்று வருடத்துக்குள் வயது, சிறிய இஞ்சின், இங்கே ஓடும் மாதிரி, செலவில் 15 சதவீத இடைவெளி: இந்த ஐந்தும் சேர்ந்து வந்தால் இறக்குங்கள். வரிசை இதுதான். திணைக்களத்தின் எழுத்து மூலப் பதில். செசி நம்பரோடு தயாரிப்புத் திகதிச் சான்று. வங்கியில் பணம் செலுத்தும் முறையைப் பேசி நாணயக் கடிதம் (விற்பவருக்குப் பணம் போகும் என்று வங்கி தரும் உத்தரவாதம்) தேவையா என்று உறுதி செய்தல். கப்பலேற்றும் முன் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு. அதன் பிறகே கப்பல் பதிவு. பத்திரங்களில் பெயரும் முதலெழுத்தும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒன்றில் "ஆர்.", மற்றதில் "இராமசாமி" என்று இருந்தாலே கோப்பு மேசையில் படுத்துவிடும்; 90 நாள் ஓடிக்கொண்டிருக்கும்.

காருக்குள் வீட்டுச் சாமான் எதையும் அடைத்து அனுப்பாதீர்கள். சுங்கத்தில் அவை தனிக் கணக்காகி முழு வண்டியும் தாமதமாகும். ஸ்பெயார் சாவி, சேர்விஸ் புத்தகம், ரேடியோ கோட் மூன்றையும் கையில் கொண்டுவாருங்கள். ஜப்பான் வண்டியின் ரேடியோ 76 முதல் 95 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும்; இங்கத்தைய எஃப்.எம். எல்லாம் கேட்கச் சின்ன மாற்றி ஒன்று பூட்ட வேண்டும். வண்டி கைக்கு வந்ததும் மலைக்கு ஏற்றும் முன் கொழும்பிலேயே இஞ்சின் எண்ணெய், பிரேக் எண்ணெய், கூலன்ட், வைப்பர் ரப்பர் மாற்றி, மூடுபனி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். டிக்கியில் இரண்டு மரக்கட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். சரிவில் டயர் மாற்ற நேர்ந்தால் ஜாக்கை வைப்பதற்கு முன் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க அவை வேண்டும்.